சாக்ரடீஸ் வழக்கு: ஐந்நூறு பேரும் கெட்டவர்களா?



சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி வகுப்பில் வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டாகக் கிரேக்க ஞானி சாக்ரடீஸின் கதையைச் சொன்னேன். நாம் எல்லாரும் சொல்லும் கதைதான். ஏதென்ஸ் நகரில் ஒரு முதியவர் இருந்தார். இளைஞர்களைச் சிந்திக்கத் தூண்டினார். பொறாமை கொண்ட மூவர் அவர்மீது பொய்வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவரும் அஞ்சாமல் நஞ்சை அருந்தி உயிர்நீத்தார். கதை முடிந்ததும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

“ஐயா, எத்தனை பேர் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்?”

“ஐந்நூறு பேர்.”

“ஐந்நூறு பேரும் கெட்டவர்களா, ஐயா?”

அந்நேரம் மணி அடித்தது. அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அடுத்த வகுப்பில் அவள் மறந்திருந்தாள், நான் மறக்கவில்லை. மறந்தவன்போல் நடந்துகொண்டேன், அவ்வளவுதான். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் சொல்லிவந்த ஒரு கதையில் இப்படியொரு பெரிய ஓட்டை இருப்பதை ஒரு சிறுமி ஒரே வினாவில் காட்டிவிட்டாள். அதன்பின் அவ்வழக்கைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றையும் அவற்றால் எனக்கு ஏற்பட்ட மன உறுத்தலையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரையில் கண்ட சாக்ரடீஸ்

நம்மில் மூத்த தலைமுறையினர் பலருக்குச் சாக்ரடீஸ் அறிமுகமானது நூல்களின் வழியாக அன்று, திரைப்படத்தின் வழியாகத்தான். 1956இல் வெளிவந்த ‘ராஜா ராணி’ படத்தில், கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக நடித்த நாடகக் காட்சியைப் பலரும் அறிவர். அந்தக் கம்பீரக் குரலே நம் மனத்தில் சாக்ரடீஸின் குரலாகப் பதிந்துவிட்டது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மேடை நாடகத்துக்கு ஒரு நல்லவனும் சில தீயவர்களும் போதும். வரலாற்றுக்கு அது போதாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘உன்னையே நீ அறிவாய்’ என்னும் கருத்தைச் சாக்ரடீஸே முதலில் சொன்னதாக நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அது டெல்பி நகரில் அப்போலோ கோயிலில் பொறிக்கப்பட்டிருந்த பழமொழி. சாக்ரடீஸ் அதை எடுத்தாண்டவர். அதன்படி வாழ முயன்றவர். அதை உண்டாக்கியவர் அல்லர்.

சாக்ரடீஸ் தம் கைப்பட ஒரு நூலும் எழுதவில்லை. வழக்கைப் பற்றி நாம் அறிவனவற்றில் பெரும்பகுதி அவருடைய அன்பர்கள் இருவர் எழுதியவை. ஒருவர் பிளேட்டோ, விசாரணையின்போது அவர் நீதிமன்றத்தில் இருந்தார். மற்றவர் செனபோன், அவர் அப்போது போர்ப்பயணமாக ஆசியாவில் இருந்தார், பிறர் சொல்லக் கேட்டே எழுதினார். இருவரும் ‘தற்காப்புரை’ என்னும் பொருள்படும் தலைப்பிலேயே நூல் எழுதினர். எனினும் இரண்டு நூல்களிலும் உள்ள சாக்ரடீஸ் ஒரே மாதிரி பேசவில்லை. ஆகவே அன்று அவர் பேசிய சொற்கள் அப்படியே நம்மிடம் உள்ளன என்று கருதிவிடலாகாது.

நீதிபதி இல்லாத நீதிமன்றம்

வழக்கு நடந்த ஆண்டு கி.மு. 399. சாக்ரடீஸுக்கு அப்போது வயது எழுபது. அத்தனை வயதுவரை ஒருமுறைகூடக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நின்றதில்லை என்று அவர் கூறியதாகப் பிளேட்டோ எழுதுகிறார்.

இன்றைய நீதிமன்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் புரியாது. ஏதென்ஸில் அரசு வழக்குரைஞர் என ஒருவர் இல்லை. குடிமகன் எவரும் பொதுநலன் கருதி வழக்குத் தொடுக்கலாம். தம் வழக்கில் தாமே பேச வேண்டும். சட்டம் படித்த நீதிபதியும் இல்லை. முப்பது வயதைக் கடந்த குடிமக்களிலிருந்து ஆண்டுதோறும் 6000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களிலிருந்து ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பெரிய குழு அமர்த்தப்பட்டது. சாக்ரடீஸின் வழக்கில் அமர்ந்தவர்கள் 500 அல்லது 501 பேர். அவர்களே நீதிபதிகள், அவர்களே சான்றாயர். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த உரிமை இல்லை. ஒரு நாள் பணிக்கு ஊதியம் மூன்று ஓபல், அதாவது அரை திராக்மா.

பேசுவதற்கான நேரத்தை நீர்க்கடிகாரத்தால் அளந்தனர். மேலே ஒரு மண்பானை, அதன் அடியில் ஒரு சிறு துளை. பானையில் நீர் ஒழுகித் தீர்ந்தால் பேச்சும் முடிந்தது. ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் நடந்த அகழாய்வில் அத்தகைய பானையொன்று கிடைத்துள்ளது. அதில் நீர் ஒழுகித் தீர ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆகிறது. பெரிய வழக்குகளுக்கு இத்தகைய பானைகள் பல அளவு நீர் ஒதுக்கப்பட்டது. எப்படியாயினும் உயிர்போகும் வழக்கும் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும். நீதிபதிகள் தமக்குள் கூடிக் கலந்துபேசுவதும் இல்லை. கேட்டார்கள், வாக்களித்தார்கள்.

வழக்கின் முதற்கட்ட விசாரணை அரச ஆர்க்கோன் என்னும் அதிகாரியின் மண்டபத்தில் நடந்தது. சமயம் தொடர்பான வழக்குகள் அவரிடமே செல்லும். அம்மண்டபத்தின் அடித்தளம் 1970ஆம் ஆண்டில் அகழ்ந்து கண்டுபிடிக்கப்பட்டது.

வழக்குத் தொடுத்த மூவர்

குற்றச்சாட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது. நகரம் வணங்கும் கடவுளரைச் சாக்ரடீஸ் ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். இவற்றுக்குக் கேட்கப்பட்ட தண்டனை மரணம்.

மனுவில் கையெழுத்திட்டவர் மெலிட்டஸ் என்னும் இளைஞர். அவருக்குத் துணையாக லைக்கோன் என்னும் பேச்சாளரும் அனிட்டஸ் என்பவரும் நின்றனர். மூவரிலும் செல்வாக்கு மிக்கவர் அனிட்டஸ்தான். தோல் பதனிடும் தொழிலால் செழித்த குடும்பத்தவர், அரசியல் தலைவர்.

இந்த அனிட்டஸை என் கதையில் நான் பொறாமைக்காரராக மட்டுமே காட்டிவந்தேன். உண்மையில் அவர் கொடுங்கோலர்களிடமிருந்து மக்களாட்சியை மீட்கப் போராடியவர்களுள் ஒருவர். அந்தக் காலத்தில் பெருஞ்செல்வத்தை இழந்தும், தம் சொத்து பறிபோகக் காரணமானவர்கள் யாரென அறிந்தும், நகரின் பொதுமன்னிப்புக்குக் கட்டுப்பட்டு அவர்கள்மீது வழக்குத் தொடுக்காமல் இருந்தார் என அக்காலத்துப் பேச்சாசிரியர் ஐசாக்ரட்டீஸ் அவரைப் புகழ்ந்துள்ளார். தன் இழப்பை மன்னிக்கத் தெரிந்த ஒருவர் எழுபது வயதுக் கிழவர்மீது ஏன் வழக்குத் தொடுத்தார்? இவ்வினாவுக்கு விடை காண, நகரம் அப்போது எந்நிலையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

நகரின் காயம்

கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. அடுத்த ஆண்டே நகரில் கொள்ளைநோய் பரவியது. தலைவர் பெரிக்ளிஸ் 429இல் மறைந்தார். 415இல் சிசிலித் தீவை வெல்லப் பெரும்படை ஒன்று புறப்பட்டது. 413இல் அது முற்றாக அழிந்தது. 404இல் ஏதென்ஸ் பட்டினியால் பணிந்தது. வெற்றி பெற்ற ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பது பேர் அடங்கிய குழு ஒன்று ஆட்சியைப் பிடித்தது. ‘முப்பது கொடுங்கோலர்’ என வரலாறு அவர்களைக் குறிக்கிறது. ஏறத்தாழ எட்டே மாதங்களில் அவர்கள் 1500 பேரைக் கொன்றதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. சொத்துக்காகக் கொன்றனர், ஐயத்தின் பேரிலும் கொன்றனர். 403இல் மக்களாட்சிப் படையினர் அவர்களை வீழ்த்தினர். பழைய பகையைக் கிளறக் கூடாது என்று பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. சாக்ரடீஸின் வழக்கு அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

இவற்றுக்கும் சாக்ரடீஸுக்கும் என்ன தொடர்பு? முப்பதின்மரின் தலைவனாக விளங்கியவன் கிரிட்டியாஸ். அவன் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு பழகியவன். சிசிலிப் படையெடுப்புக்கு நகரைத் தூண்டிவிட்டு, பின்னர் எதிரியான ஸ்பார்ட்டாவிடமே சென்று சேர்ந்த அல்சிபியாடிஸும் அவரோடு நெருங்கிப் பழகியவன். நகரைச் சீரழித்தவர்கள் யார் யார் என்று ஏதென்ஸ் மக்கள் எண்ணிப் பார்த்தபோது, அவர்களுள் இருவர் இந்த முதியவரின் அருகே அமர்ந்திருந்தவர்கள் என்பது எல்லார் நினைவிலும் இருந்தது. முப்பதின்மர் ஆண்டபோது மக்களாட்சியினர் பலர் நகரைவிட்டு வெளியேறினர். சாக்ரடீஸ் வெளியேறவில்லை.

பொதுமன்னிப்பு இருந்ததால் இதைக் குற்றமாக மனுவில் எழுத இயலாது. எனினும் ‘இளைஞர்களைக் கெடுக்கிறார்’ என்ற சொற்களைக் கேட்டபோது அங்கிருந்தோர் மனத்தில் அந்த இருவரின் முகமும் தோன்றாமல் இருந்திருக்குமா? வழக்கு நடந்து அரை நூற்றாண்டுக்குப் பின், கி.மு. 345இல், ஈஸ்கினிஸ் என்னும் பேச்சாளர் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசும்போது, கிரிட்டியாஸுக்குக் கல்வி புகட்டியதற்காகவே நீங்கள் சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்ற பொருள்படக் குறிப்பிட்டார். ஊரார் வழக்கை அப்படித்தான் நினைவில் வைத்திருந்தனர்.

அந்த ஐந்நூறு பேரில் எத்தனை பேர் தம் தந்தையையோ அண்ணனையோ மகனையோ இழந்தவர்களாக இருந்திருப்பார்கள்! இதை எண்ணிய பிறகு, ‘அறிவிலிகள் ஞானியைக் கொன்றனர்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர் பேசியது

சாக்ரடீஸ் தம் பேச்சில் முதலில் பழைய குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டார். இப்போது மனுக் கொடுத்தவர்களைவிடத் தமக்குப் பெரும் பகைவர் பல ஆண்டுகளாகப் பரவிவந்த வதந்தியே என்றார். கி.மு. 423இல் அரிஸ்டோபனிஸ் ‘மேகங்கள்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை அரங்கேற்றினார். அதில் சாக்ரடீஸ் ஒரு கூடையில் அமர்ந்து அந்தரத்தில் தொங்குவார். தோற்க வேண்டிய வாதத்தை வெல்லவைக்கும் வித்தையைக் காசுக்குக் கற்றுக்கொடுப்பார். அங்கே படித்த மகன் வீட்டுக்கு வந்து பெற்ற தந்தையையே அடிப்பான். அடித்தது சரியே என்று வாதமும் செய்வான். முடிவில் தந்தை அந்தப் பள்ளிக்கே தீ வைப்பார். நீதிமன்றத்தில் அமர்ந்தவர்களில் பலர் சிறுவயதிலேயே இவ்வகைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். நகைச்சுவைதான், ஆயினும் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அது நகைச்சுவையாக இல்லை.

அடுத்து, தமக்கு ஏன் இத்தனை பேர் பகை ஆனார்கள் என்பதை விளக்கினார். கைரபோன் என்னும் நண்பர் டெல்பி கோயிலில் குறி கேட்டபோது சாக்ரடீஸைவிட அறிவுடையவர் எவரும் இலர் என்று விடை வந்தது. அதைச் சோதிக்க அவர் அரசியலாரிடமும் கவிஞர்களிடமும் கைவினைஞர்களிடமும் சென்று வினவினார். எல்லாரும் தமக்குத் தெரியாதவற்றைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டிருந்தனர். தமக்குத் தெரியாது என்பதையாவது தாம் அறிந்திருப்பதே தமக்குள்ள வேறுபாடு என அவர் முடிவு செய்தார். பலர் முன்னிலையில் வினாக் கேட்டு ஒருவரது அறியாமையை வெளிப்படுத்தினால் அவர் நன்றி சொல்வாரா? அதை வேடிக்கை பார்த்த இளைஞர்கள் வீட்டுக்குச் சென்று தம் பெரியவர்களிடம் அப்படியே செய்து பார்த்தனர். பெரியவர்களின் சினம் இளைஞர்கள்மீது பாயாமல் சாக்ரடீஸ்மீது பாய்ந்தது. வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் இது விளங்கும்.

பின்னர் மெலிட்டஸைக் கூண்டில் நிறுத்துவதுபோல் வினவினார். இளைஞர்களை நல்லவர்களாக்குபவர் யார்? சட்டங்கள் என்றார் மெலிட்டஸ். எந்த மனிதர் என்று கேட்க, இங்குள்ள நீதிபதிகள் என்றார். பின் அவைக்களத்தார், பேரவையார் என விரிந்து, இறுதியில் ஏதென்ஸ் மக்கள் அனைவரும் இளைஞர்களை நல்வழிப்படுத்துகின்றனர், சாக்ரடீஸ் ஒருவரே கெடுக்கிறார் என்ற இடத்தில் வந்து நின்றது. குதிரைகளைப் பழக்குவோர் சிலரே, கெடுப்போர் பலர். மனிதப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இது தலைகீழாக இருக்குமா என்று சாக்ரடீஸ் கேட்டார். மெலிட்டஸ் இதைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது அம்பலமாயிற்று.

தம் நடத்தைக்குச் சான்றாக இரு நிகழ்ச்சிகளைச் சொன்னார். கி.மு. 406இல் ஒரு கடற்போருக்குப் பின், மூழ்கிய கப்பல்களில் இருந்தவர்களை மீட்கவில்லை என்று படைத்தலைவர்கள் அனைவரையும் ஒன்றாக வைத்துத் தீர்ப்பளிக்க மக்கள் கொதித்தெழுந்தனர். அது சட்டத்துக்கு முரண் என்று அவைப் பொறுப்பில் இருந்த சாக்ரடீஸ் எதிர்த்து நின்றார். இது மக்களாட்சியில். பின்னர் முப்பதின்மர் ஆட்சியில், சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரும்படி சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் ஏவினர். நால்வர் சென்றனர், சாக்ரடீஸ் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எந்த ஆட்சியாயினும் அநீதிக்குக் கை கொடுக்கவில்லை என்பதே அவர் சொல்ல வந்தது.

என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி இதற்குப் பின் வருகிறது. நான் இளைஞர்களைக் கெடுத்திருந்தால், அவர்களில் பலர் இன்று வளர்ந்து பெரியவர்களாகிவிட்டனர். அவர்கள் எழுந்து என்னைக் குற்றம் சாட்டட்டும். அவர்கள் தயங்கினால் அவர்களின் தந்தையரும் அண்ணன்மாரும் சொல்லட்டும் என்றார். அங்கே வந்திருந்த தந்தையரையும் உடன்பிறந்தாரையும் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினார். கிரிட்டோ தம் மகனோடு வந்திருந்தார். பிளேட்டோவின் அண்ணன் அடிமண்டஸும் இருந்தார். ஒருவரும் அவருக்கு எதிராக எழவில்லை. அவருக்குத் துணைநிற்கவே வந்திருந்தனர்.

மனைவி மக்களை அழைத்துவந்து கண்ணீர் சிந்தவைப்பது அந்நாளைய வழக்கம். சாக்ரடீஸுக்கு மூன்று புதல்வர்கள். மூத்தவன் இளைஞன், மற்ற இருவரும் சிறுவர். அவர்களை அவர் அழைத்துவரவில்லை.

வாக்குகள்

முதல் வாக்கெடுப்பில் குற்றவாளி என்று முடிவாயிற்று. முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் தாம் விடுதலை பெற்றிருப்போம் எனச் சாக்ரடீஸ் வியந்ததாகப் பிளேட்டோ எழுதுகிறார். மொத்தம் 500 எனக் கொண்டால், 280 பேர் குற்றவாளி என்றும் 220 பேர் குற்றமற்றவர் என்றும் வாக்களித்தனர் என்றாகிறது.

சட்டப்படி, அடுத்து இரு தரப்பும் ஒவ்வொரு தண்டனையை முன்வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை நீதிபதிகள் தேர்வார்கள். நாடுகடத்தலை அவர் கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பர். அவரோ, தாம் நகருக்குச் செய்த நன்மைக்கு ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்குத் தருவதுபோல் அரசு மண்டபத்தில் உணவு தருவதே தகும் என்றார். பிறகு தம்மிடம் இருப்பது ஒரு மினா, அதாவது 100 திராக்மா, அதைத் தண்டமாகச் செலுத்துகிறேன் என்றார். பிளேட்டோ, கிரிட்டோ முதலிய நண்பர்கள் பிணை நிற்க முன்வந்ததும் அது 30 மினா ஆயிற்று. அந்நீதிபதிகளில் ஒருவர் 6000 நாள் அமர்ந்து சம்பாதிக்க வேண்டிய தொகை அது. குறைவான தொகை அன்று. ஆனால் அதற்குள் அவர் பேச்சு அவர்களைப் புண்படுத்திவிட்டது.

இரண்டாம் வாக்கெடுப்பில் மரண தண்டனைக்கு மேலும் எண்பது வாக்குகள் கூடின எனப் பிற்கால எழுத்தாளரான டயோஜினிஸ் லேர்ஷியஸ் குறிப்பிடுகிறார். அதை ஏற்றால், சற்று முன் குற்றமற்றவர் என்று சொன்ன எண்பது பேர் இப்போது அவர் சாகட்டும் என்றனர். அறிவு சொன்ன தீர்ப்பைச் சினம் மாற்றிவிட்டது.

டிலோஸ் தீவுக்கு ஆண்டுதோறும் செல்லும் புனிதக் கப்பல் திரும்பும்வரை எவரையும் கொல்லலாகாது என்பது விதி. அதனால் முப்பது நாள் அவர் சிறையில் இருந்ததாகச் செனபோன் கூறுகிறார். தப்பியோட வழி செய்வதாகக் கிரிட்டோ வந்து மன்றாடினார். பிள்ளைகளின் கல்வியைக் கைவிட்டுச் செல்லலாமா என்றுகூடக் கேட்டார். சட்டத்தை மீறிச் செல்வதில்லை எனச் சாக்ரடீஸ் மறுத்தார். கப்பல் திரும்பியதும் ஹெம்லாக் என்னும் நச்சுச்செடியின் சாற்றை அருந்தினார்.

அனிட்டஸின் மகன்

செனபோன் ஒரு செய்தி தருகிறார். அனிட்டஸுக்கு ஒரு மகன் இருந்தான். சாக்ரடீஸ் அவனோடு சில காலம் பழகினார்; அறிவுள்ள பையன் எனக் கண்டார். அவனைத் தோல் தொழிலோடு முடக்கிவிட வேண்டாம் என்று தந்தையிடம் சொன்னார். அனிட்டஸுக்கு அது பிடிக்கவில்லை. சரியான வழிகாட்டி இல்லாமல் பையன் பிற்காலத்தில் குடிக்கு அடிமையானான் எனவும் செனபோன் எழுதுகிறார். அவர் சாக்ரடீஸின் பக்கத்தவர். ஆகவே இதைச் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

எனினும் ஆசிரியராக இருக்கும் எவரும் இதைப் படித்துப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியாது. “உங்கள் மகனுக்கு வேறு திறமை இருக்கிறது” என்று ஒரு தந்தையிடம் சொல்லி, அவர் முகம் மாறுவதைக் கண்டிராத ஆசிரியர் நம்மில் எவர்? அதே வேளையில் தந்தையின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். தம் உழைப்பால் குடும்பத்தைத் தாங்கியவர். நாட்டுக்காகச் செல்வம் இழந்தவர். நேற்று அறிமுகமான ஒருவர் வந்து, உங்கள் தொழில் உங்கள் மகனுக்குத் தகாது என்றால் மனம் எரியாதா? சாக்ரடீஸ் சொன்னது சரியாக இருக்கலாம். சொன்ன முறை சரிதானா என்று நான் ஐயுறுகிறேன்.

ஆசிரியரின் பொறுப்பு

இனி, எனக்கு உறுத்தலாக உள்ள இடத்துக்கு வருகிறேன். தாம் எவருக்கும் ஆசிரியராக இருந்ததில்லை என்று சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் கூறினார். காசு வாங்கியதில்லை, பாடம் சொல்லித் தருவதாக வாக்களித்ததில்லை, கேட்க வந்தவரைத் தடுத்ததும் இல்லை. ஆகவே அவர்களில் ஒருவன் நல்லவனானாலும் தீயவனானாலும் அதற்குத் தாம் பொறுப்பல்லர் என்றார்.

வாதத்தில் பிழை இல்லை. கிரிட்டியாஸும் அல்சிபியாடிஸும் பேச்சுத்திறனுக்காகவே வந்தனர், போதுமென்று பட்டதும் விலகிச் சென்றனர் என்று செனபோனும் சொல்கிறார். ஆட்சிக்கு வந்த கிரிட்டியாஸ், இளைஞர்களோடு உரையாடக் கூடாது எனச் சாக்ரடீஸுக்கே தடை விதித்தான். ஆட்சியைச் சாக்ரடீஸ் குறைகூறியதும் உண்டு: மந்தையில் மாடுகளைக் குறைத்து, எஞ்சியவற்றையும் நலிவடையச் செய்யும் இடையன் தன்னை நல்ல இடையன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

ஆனாலும் அந்த விடை எனக்குப் போதவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், கூர்மையான அறிவுள்ளவன், பேச்சுப்போட்டிகளில் பரிசு பெற்றவன், பின்னாளில் தீய கூட்டத்தில் சேர்ந்து சிறைக்குச் சென்றான். அவன் தாயாரைக் கோயில் திருவிழாவில் கண்டேன். “உங்க பேச்சுன்னா கேப்பானே ஐயா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின் அவன் என் மாணவன் அல்லன் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதே கோயிலில் மருத்துவராகிவிட்ட இன்னொரு மாணவியைக் காட்டி, இவள் என் மாணவி என்று சற்று முன்புதான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

புகழில் பங்கு கேட்கும் நாம் பழியில் மட்டும் விலகி நிற்கலாமா? சாக்ரடீஸாவது இரண்டிலும் பங்கு கேட்கவில்லை. நல்லவனானாலும் தமக்குப் பெருமை இல்லை என்றே சொன்னார். அந்த நேர்மை நம்மிடம் இல்லை. அதற்காக, மாணவன் செய்த குற்றத்துக்கு ஆசிரியரைத் தண்டிப்பதும் நீதியாகாது. ஏதென்ஸ் செய்த பிழை அதுவே. தன் பிள்ளைகள் ஏன் கெட்டனர் என்று கேட்டது சரியான வினா. போரும் பேராசையும் வீடும் அவையும் தெருவும் சேர்ந்து கெடுத்ததை மறந்து, ஒரே மனிதரிடம் விடையைக் கண்டுவிட்டதாக நினைத்ததுதான் பிழை. மெலிட்டஸ் சொன்னதும் அதுதானே: எல்லாரும் நல்லவர், ஒருவர் மட்டும் கெட்டவர்.

நானும் வகுப்பில் அதே கணக்கைத்தான் தலைகீழாகப் போட்டிருந்தேன்: ஒருவர் மட்டும் நல்லவர், எல்லாரும் கெட்டவர்.

அந்த மாணவிக்கு

அவள் இப்போது இடைநிலைப்பள்ளியையும் முடித்திருப்பாள். அன்று சொல்லாத விடையை இங்கே எழுதி வைக்கிறேன்.

இல்லை அம்மா, ஐந்நூறு பேரும் கெட்டவர்கள் அல்லர். 220 பேர் அவரை விடுவிக்கச் சொன்னார்கள். முப்பது பேர் மனம் மாறியிருந்தால் போதும், அவர் வீடு திரும்பியிருப்பார். எதிராக வாக்களித்தவர்களிலும் பலர் போரிலும் கொடுங்கோலிலும் உறவுகளை இழந்து அஞ்சியிருந்தவர்கள். அச்சத்தோடும் சினத்தோடும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தால் நல்லவர்களும் தவறு செய்வார்கள். உன் ஐயாவும் செய்வார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வழக்கை வகுப்பில் கதையாகச் சொல்லாமல் வழக்காகவே நடத்திப் பாருங்கள். அனிட்டஸின் பக்கத்தையும் ஒரு மாணவன் உண்மையாகப் பேசட்டும். பேச்சு நேரத்துக்கு அடியில் துளையிட்ட ஒரு நெகிழிப் புட்டி போதும். இறுதியில் வாக்கெடுங்கள். தீர்ப்பு எதுவாயினும், ஏன் அப்படி வாக்களித்தாய் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. தண்டனைக்குப் பின் சாக்ரடீஸ் தமக்கு எதிராக வாக்களித்தவர்களிடம் ஒரே ஓர் உதவிதான் கேட்டார். தம் புதல்வர்கள் வளர்ந்தபின் நற்பண்பைவிடப் பொருளைப் பெரிதாக மதித்தாலோ, ஒன்றுமில்லாதபோது தம்மைப் பெரியவர்களாக எண்ணினாலோ, தாம் ஏதென்ஸ் மக்களை இடித்துரைத்ததுபோல் அவர்களையும் இடித்துரைக்கும்படி வேண்டினார். தமக்கு மரணம் விதித்தவர்களிடமே பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுச் சென்றார். எவருக்கும் ஆசிரியர் அல்லேன் என்று சொன்ன அவர், ஊரார் அனைவரையும் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கிச் சென்றதாகவே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் எண்ணங்களை அறிய ஆவலாய் உள்ளேன்.